துரைசானிக்கு ஒரு இலை

மருமக்களே, முத்துமாரி சாட்சியாக, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணியம் குன்றாத குரலில் உறுதி கூறுகிறேன்: நான் இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. உங்கள் மேல் குற்றமில்லை. என்னிடம் கதை கேட்டு வளர்ந்தவர்கள் வேறு எப்படி இருப்பீர்கள்? ஆனால் கோபால் பிள்ளை போய்விட்டார். இதைச் சொல்ல இனி நான் ஒருவன்தான் மிச்சம்.

செய்தி வந்தபோது பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் லீலா, அவருடைய அக்கா மகள். "அங்கிள், மாமா கோபால் சுடா தாக் அடா" என்றாள். இனி இல்லை என்று அர்த்தம். 'மாத்தி' என்று அவள் சொல்லவில்லை. மலாயில் செத்துப்போவதற்கு உள்ள அந்தச் சொல் மேல் அந்தக் குடும்பத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு, அதற்கு வருகிறேன். அப்படியே பேருந்து ஏறி காஜா பெராங்கில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கன்னம் வழித்தது, ஒரு கன்னம் வழிக்காதது. மரண வீட்டில் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் உண்மையாகவே போய்விட்டார் என்று எனக்கு உறைத்தது. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அவரைக் கடைசிக் காலத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். கோபால் பிள்ளை மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறித் தமிழ்ப் பேச்சை மறந்த வம்சம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் பாத்திக் கைலி, வாயில் மலாய். தேவாரம் அவருக்கு மனப்பாடம், ஆனால் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. அப்பாவிடமிருந்து ஓசையாகக் கேட்டு ஓசையாக வாங்கிக்கொண்டது. சாமியோடு தமிழில் பேசுவார், மனுஷரோடு மலாயில். ஆற்றுமுகத்துக் கிடங்கில் மூட்டை எடை பார்க்கும் வேலை. கல்யாண வீடுகளில் டொண்டாங் சாயாங் என்ற மலாய்க் காதல் பாட்டுப் பாடுவார். அவர் பாடினால் மணப்பெண் மாப்பிள்ளையை மறந்து பாட்டுக்காரரையே பார்க்கிறாள் என்று புகார் எழுந்து, சில வீடுகளில் அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பாடச் சொன்னார்கள். அந்தத் திரையும் உருகிப்போனது என்று கேள்வி.

மெர்டேகாவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முன்னால் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, படம் காட்டுவார்கள். ஒருநாள் ஒலிபெருக்கியின் உள்ளே எலி புகுந்து கடித்துவிட்டது. பெட்டி ஊமையாகிவிட்டது, அந்த எலிதான் அன்றிலிருந்து சினிமா வசனம் பேசிக்கொண்டு தெருவில் திரிந்தது. கொட்டகைத் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், கிடங்கைக் கிளறி ஒரு பழைய தகர டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே பேசாத படம். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய சோகக் காதல் நாவலைப் படமாகப் பிடித்தது என்று மேலே ஒட்டியிருந்தது. நடு நடுவே வசனத்தை எழுதிக்காட்டும் அட்டைகள் வரும். எல்லாம் பிரெஞ்சு. மலாக்காவை ஆளாத ஐரோப்பியன் யாரென்று தேடினால் அந்தப் பிரெஞ்சுக்காரன் ஒருவன்தான். போர்த்துகீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று மற்ற எல்லாரும் வந்துபோன ஊரில், அவன் எழுத்தைப் படிக்க மட்டும் ஆள் கிடையாது.

நான் அப்போது பேருந்து நடத்துனர். "ராமு, லூ பஸ்ல சும்மாதானே கத்துறே? இங்கே வந்து கத்து லா" என்றார் தவுக்கே. அவர் பேச்சில் லூ என்றால் நீ. இப்படியாக நான் தமிழ்க்காரர்களுக்குப் படம் விளக்கும் மகா வித்துவானாக நியமனம் பெற்றேன். செட்டிகளுக்கும் மற்றவர்களுக்கும் மலாயில் விளக்க கோபால் பிள்ளை. கொட்டகையின் நடுவே ஒரு கயிறு. இடது பக்கம் மலாய் கேட்பவர்கள், வலது பக்கம் தமிழ் கேட்பவர்கள். திரையின் இரு பக்கமும் துவாரபாலகர்கள் மாதிரி நாங்கள் இருவர். முதலில் அவர் சொல்வார், பிறகு நான். முதல் நாளே ஒரு விதி போட்டார்: "ராமு, அவங்க வாய் அசையற வரைக்கும்தான் நமக்கு இடம். வாய் மூடினா நாமும் மூடிக்கணும்." அந்த விதியை நான் ஒருநாளும் கடைப்பிடிக்கவில்லை. என் வசனம் முடிவதற்குள் திரையில் இரண்டு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடும்.

கதை இதுதான். அகலத் தொப்பி போட்ட ஒரு துரைசானி. அவளுக்கு ஒரு ஏழை இளைஞன் மேல் உயிர். ரயில் நிலையத்தில் அவனிடம் ஏதோ சொல்கிறாள், ஓர் அட்டை வருகிறது, வண்டி ஏறிப் போய்விடுகிறாள். அவன் தாடி நரைக்கும்வரை நிற்கிறான். கடைசியில் ஒரு அறை, ஒரு கட்டில். அவன் பூங்கொத்தோடு படியேறி வருவதற்குள் அவள் கண்கள் மூடியிருக்கின்றன. அந்த ரயில் நிலைய அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? போகிறவள் எதையாவது சொல்லிவிட்டுத்தானே போவாள். "அடே அற்பப் பதரே! உன் முகத்தில் இனி ஏழேழு ஜென்மத்துக்கும் விழியேன்!" என்று நான் இடி முழங்குவேன். கோபால் பிள்ளை "சுடாலா" என்பார். போதும், என்று ஒரே சொல். என் முழக்கத்துக்குக் கைதட்டல் வரும். அவர் சொல்லுக்கு இடது பக்கம் முழுவதும் மூக்குறிஞ்சும்.

அழுகை என்றால் சாதாரண அழுகையா? புக்கிட் ரம்பாயிலிருந்து வந்தவர்கள் வாளியோடு வந்தார்கள். பத்து பெரெண்டாமில் இறங்க வேண்டிய விமானம் ஒன்று, படத்தின் முடிவு தெரியாமல் இறங்கமாட்டேன் என்று கொட்டகைக்கு மேலேயே வட்டம் போட்டது. மலாக்கா நீரிணை ஒரு சாண் ஏறியது. அது இன்றுவரை உப்புக் கரிப்பதற்கு இந்தப் படம்தான் காரணம் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன்.

பேசாத படத்துக்கு வாத்தியம் வேண்டுமே. கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் தனலட்சுமியை அழைத்துவந்தார்கள். காரைக்கால் ஜவுளிக்காரர் மகள். குடும்பம் மலாக்கா வந்து அதிக காலம் ஆகவில்லை, அவளுக்கு மலாய் அவ்வளவாக வராது. அவளோடு அவள் அம்மாவும் வருவார். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆர்மோனியத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவே மதில்சுவர் மாதிரி உட்காருவார். கோபால் பிள்ளையின் காது கேட்கவே ஒருநாள் சொன்னார்: "சாமிகிட்ட அந்தப் போடு போடறாரு, மனுஷங்ககிட்ட தமிழ்ல ஒரு வாய்த் தண்ணி கேக்கத் தெரியலே. என்ன தமிழங்களோ!"

"அம்மா, மெதுவா. அவருக்குக் கேக்குது."

"கேட்டா என்னடி? புரியவா போவுது?"

அவருக்குப் புரிந்தது. அடுத்த நாள் இடைவேளையில் ஒரு கோப்பை இஞ்சித் தேநீரைக் கொண்டுபோய் ஆர்மோனியத்தின் பக்கத்தில் வைத்தார். தமிழில் ஏதாவது சொல்லியே தீருவது என்ற முடிவோடு வந்திருந்தார். கையில் இருந்த தமிழெல்லாம் கோயில் தமிழ். இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, "திருவடி போற்றி, அருள்புரிவாய்" என்றார். தனலட்சுமி சிரித்த சிரிப்பில் ஆர்மோனியத்தின் துருத்தி தானாகவே ஒரு சத்தம் போட்டது. அம்மாவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஓர் அநியாயம் நடந்தது: கோபால் பிள்ளை பேசும்போது ஆர்மோனியம் பூனைபோல நடக்கும். நான் பேசும்போது யானைபோல மிதிக்கும். என் உலகப் புகழ்பெற்ற வசனங்களில் பாதி அதனடியில் நசுங்கின. தினமும் தேநீர் வந்தது. ஆறுவதற்கு முன் குடித்துவிடுவாள். அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. பேச மொழி எங்கே இருந்தது? ஆனால் அவர் திரையைப் பார்த்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவள் உதடு திருப்பிச் சொல்லும், சத்தமில்லாமல். வாய் அசைகிறது, குரல் இல்லை. அதுவும் ஒரு பேசாத படம்தானே. அதைக் கவனித்தவர்கள் கொட்டகையில் இரண்டே பேர். ஒருவர் நான், மற்றவர் திரையின் இடது பக்கம் நின்றவர்.

பிறகு அவள் அப்பா கடையை ஏறக்கட்ட முடிவு செய்தார். "வெள்ளைக்காரனே மூட்டை கட்டுறான். நமக்கென்ன இங்கே? காரைக்கால்ல வீடு இருக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி கேட்ட அன்று கோபால் பிள்ளை வேலைக்குப் போகவில்லை. என் பேருந்தில் ஏறி குருபோங் வரை வந்தார், இறங்கவில்லை, திரும்பி வந்தார், மறுபடியும் வந்தார். கடைசியில் என் சட்டையைப் பிடித்து இழுத்து மலாயில் கேட்டார்: "ராமு, 'ஜாங்ஙான் பெர்கி'ன்னு தமிழ்ல எப்படிச் சொல்றது?"

நான் சும்மா இருப்பேனா? "அன்பின் ஆழியே, ஆருயிர்ப் பேழையே, அடியேன் ஆவியைப் பிரித்து அலைகடல் மீதேகும்..." என்று ஆரம்பித்தேன்.

"சின்னதாக் குடு ராமு. அவ அம்மா முழிச்சுக்கறதுக்குள்ள முடியணும்."

"அப்படின்னா 'போகாதே'. அவ்வளவுதான்."

"போகாதே" என்றார். "போகாதே, போகாதே" என்று சன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்க எழுந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவர் இன்னும் அந்தப் பேருந்தில்தான் சுற்றிக்கொண்டிருப்பதாக நினைக்கிறேன்.

அவள் வாசிக்கும் கடைசிக் காட்சி. மறுநாள் காலை அவர்களுக்கு வண்டி. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். படம் ஓடுகிறது. ரயில் நிலையம் வருகிறது. துரைசானியின் வாய் அசைகிறது, அட்டை விழுகிறது. இடது பக்கத்திலிருந்து 'சுடாலா' வரவேண்டும். வரவில்லை. "போகாதே" என்று வந்தது. சுத்தமான தமிழில். திரையைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆர்மோனியம் நின்றது. சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு அம்மாவின் கை பாதி வழியில் நின்றது. தமிழ்ப் பக்கம் என்னைப் பார்த்தது. நான் வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். தனலட்சுமி கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நந்தி சாயா பாலேக் சினி."

பிறகு நான் இங்கே திரும்பி வருவேன் என்று அர்த்தம். மலாய்ப் பக்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னடி சொன்னே?" என்றார் அம்மா.

"அட்டையில இருக்கிறதைச் சொன்னேன்மா. நான் காரைக்கால்ல பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவதானே. 'திரும்பி வருவேன்'னுதான் அதுல எழுதியிருக்கு. இவங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா தப்பாச் சொல்லிட்டிருக்காங்க."

அம்மா அந்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். அட்டையை அவர் எங்கே படிப்பது? படம் முடிந்ததும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டேன்: "ஏம்மா, தெரிஞ்சும் ஏன் சொல்லலே?" அவள் சொன்னாள்: "நீங்க திட்டினது ரொம்ப நல்லா இருந்திச்சு அண்ணே. கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."  தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கோபால் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தமிழில் 'போயிட்டு வரேன்' என்றிருந்தால் வழக்கத்துக்குச் சொல்லும் பேச்சு என்று நாங்கள் விட்டிருப்போம். அவள் சிரமப்பட்டு மலாயில் அல்லவா சொல்லிவிட்டுப் போனாள்!

ஆர்மோனியம் இல்லாமல் படம் தொடர்ந்து ஓடியது. அங்கேதான் சனி பிடித்தது. கடைசிக் காட்சியில், கட்டிலில் துரைசானி கிடக்க, நான் "மாண்டாள்! மாண்டாள்!" என்று மார்பில் அடித்துக்கொள்வேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கோபால் பிள்ளை அமைதியாக "பெலோம் மாத்தி" என்பார். இன்னும் சாகவில்லை. தூங்குகிறாள், அவன் வந்துவிட்டான், விழித்துக்கொள்வாள் என்று விளக்குவார். ஊர் இரண்டாகப் பிளந்தது. கோப்பிக் கடையில் மேசைகள் பறந்தன. கயிற்றுக்கு இருபுறமும் உட்கார்ந்து பார்த்த ஒரு புருஷன் பெண்டாட்டி, அவள் செத்தாளா இல்லையா என்று ஆரம்பித்து வீட்டின் நடுவிலேயே கயிறு கட்டிக்கொண்டார்கள்.

போகி நெருங்கியது. செட்டி வீடுகளில் அன்று பார்ச்சு. செத்துப்போன முன்னோருக்கு ஆளுக்கு ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறிப் படைப்பார்கள். கம்போங்கில், அதாவது செட்டிகள் குடியிருப்பில், பெண்களுக்கு ஒரு பெரிய கவலை வந்துவிட்டது. அந்தத் துரைசானி எங்கேயோ பிறந்து, நம் கண்ணெதிரே, நம் ஊரில் கிடந்து சாகிறாள். உற்றார் உறவு யாருமில்லை. அவளுக்கு யார் இலை போடுவது? போடாவிட்டால் பசியோடு கொட்டகையையே சுற்றமாட்டாளா? ஆனால் கோபால் சொல்வதுபோல் அவள் உயிரோடு இருந்தால்? உயிரோடு இருப்பவருக்கு இலை போடுவதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? எல்லாரும் கோபால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவருடைய அக்கா தங்கம்மா, லீலாவின் அம்மா, அந்தக் கம்போங்கின் முடிசூடாத ராணி, ஏற்கெனவே ஓர் இலையை அறுத்துக் கழுவி வைத்திருந்தார்.

"ஒரே வார்த்தை சொல்லு கோபால். செத்தாளா, இல்லையா?"

"பெலோம் மாத்தி, காக்கா." மலாயில் அக்காவைக் கூப்பிடும் முறை அது.

"கண்ணு மூடிக் கிடக்கிறாளேடா!"

"தூங்கறா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பி வரேன்னு சொல்லியிருக்கா. ஊரே கேட்டுச்சு."

கோபால் பிள்ளை அந்த இலையை எடுத்து மடித்து, கோழிக்கூண்டுக்கு மேல் வைத்துவிட்டார். எங்களோடு சேர்ந்து சிரிக்கத் தயாராக இருந்த தங்கம்மா அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, இலை வேண்டாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்தது. கோபால் பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் தேதி வைத்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒலிபெருக்கி பழுது பார்க்கப்பட்டது, துரைசானி மறுபடியும் டப்பாவுக்குள் போனாள். பெண் பார்க்கலாமா என்று வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் வைத்திருந்தார்: "நந்தி." அப்புறம், என்று அர்த்தம். வேலை முடிந்து ஆற்றுமுகத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். நான் கேலி செய்வேன்: "இந்தியாக் கப்பல் கிள்ளானுக்குத்தான் வரும். இங்கே தோணிதான் வரும். என்னத்தைப் பார்க்கிறே?"

"தெரியும். கடல் ஒண்ணுதானே ராமு."

அந்த மாலைகளில்தான் தமிழ் கற்றுக்கொண்டார். கோயில் தமிழ் இல்லை, மனுஷத் தமிழ். என்னோடு பேசிப் பேசி, கடைகளில் பேரம் பேசி, பேருந்தில் வருகிறவர்களின் சண்டையை ஒட்டுக் கேட்டு. எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். "அவ வர்றப்போ அவ அம்மாவும் வருவாங்க. நானே அவங்ககிட்ட ஒரு வாய்த் தண்ணி கேக்கணும்" என்றார். பரிகாசமில்லை. கணக்காகத்தான் சொன்னார்.

இரண்டு பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில், காரைக்காலிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி வந்தார். கோப்பிக் கடையில் எங்கள் மேசையில் உட்கார்ந்தார். நான்தான் பேச்சோடு பேச்சாக அந்தக் குடும்பத்தை விசாரித்தேன்.

"தனலட்சுமியா? அது ஜுரத்துல போயிக் கொஞ்ச வருஷமாச்சே" என்றார் அவர். "கல்யாணமே வேணாம்னு இருந்துச்சு. மலாயாவிலேர்ந்து யார் வந்தாலும் தேடிப்போயி, மலாக்காவுல அந்தத் தகரக் கொட்டகை இன்னும் இருக்கான்னு கேக்கும். என்னமோ அதுக்கு அப்படி ஒரு கொட்டகைப் பைத்தியம்."

நான் கோபால் பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு பிசிறில்லாத தமிழில், அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஒரு வாய்த் தண்ணி குடுங்க."

அந்த வருஷப் போகிக்கு இலையை அவரே அறுத்து வந்தார். அவரே கழுவினார். முன்னோர்களின் வரிசை முடிந்த இடத்தில், கொஞ்சம் தள்ளிப் போட்டார். தங்கம்மா அக்கா கையில் கரண்டியோடு நின்றார்.

"இது யாருக்கு?"

"படத்துல வந்த துரைசானிக்கு."

 அக்கா மெல்லக் கேட்டார்: "சுடா மாத்தி?"

"சுடா" என்றார். ஆமாம், செத்துவிட்டாள்.

அக்கா குனிந்து சோறு பரிமாறினார். கோபால் பிள்ளை இலைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை இஞ்சித் தேநீர் வைத்தார், ஆறுவதற்கு முன்.

இப்போது லீலா சொல்லியிருக்கிறாள், வரும் போகிக்கு நான் வந்துதான் இலை அறுக்க வேண்டுமாம். துரைசானியின் இலைக்கு ஒட்டினாற்போல் இன்னோர் இலை. இனி தள்ளிப் போட வேண்டியதில்லை. இரண்டு கோப்பை. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அவருடைய அந்த விதிதான். பயன்படுத்தாததால் புத்தம் புதுசாக இருக்கிறது. வாய் அசையாத இடத்தில் நமக்கு வேலையில்லை. அன்றைக்கு நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். நம்ப முடியாத இந்தக் கதையிலேயே நம்ப முடியாத பகுதி அதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள்.

சொல்லிக்கொள்ளுங்கள், மருமக்களே. எலி வசனம் பேசவில்லை. விமானம் வட்டம் போடவில்லை. நீரிணை எங்கள் படம் வருவதற்கு முன்பே உப்பாகத்தான் இருந்தது. பறந்த மேசைகளில் ஒன்றுகூட தரையைவிட்டு எழவில்லை. மற்றவற்றில் எது எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே கலந்துவிட்டது. ஆனால் காஜா பெராங்கில் ஒரு வீட்டில், ஒவ்வொரு போகிக்கும், உறவில்லாத ஒருத்திக்கு ஓர் இலை போட்டார்கள். அது மட்டும் நிஜம்.